அன்னப்பட்சி வேட்டி

பிப்ரவரி 3, 1954, புதன்

கேட்டுவிட்டார்! கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, மூக்கைப் பொத்தாமல், "சாராள், என்னைக் கட்டிக்க சம்மதமா?" என்று கேட்டேவிட்டார் தேவசகாயம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சிறுபிள்ளையைக்கூட 'வாங்க போங்க' என்பவர். நானோ செங்கல்பட்டுச் சந்தையில் ஒற்றைக் கூடையோடு உட்கார்ந்து, இன்று கிடங்கு வைத்திருக்கிறவள். எத்தனை பேரம் பார்த்தவள்! "யோசித்துச் சொல்கிறேன்" என்றாவது இழுத்திருக்க வேண்டாமா? "சரி!" என்று கத்திவிட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கல்யாணம்!

பிப்ரவரி 7, ஞாயிறு

சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைப் பாதிரி ஐயர் முதல் தடவை வாசித்தார். என் பெயர் வந்ததும் எனக்கு இருமல். அவர் பெயரோடு "மனைவியை இழந்தவர்" என்று வந்தது. பாவம், டைபாய்டில் போனாளாம். கல்யாணம் ஆனதும் மகாபலிபுரம் போய்க் கடலில் குளிக்கலாம் என்கிறார். இத்தனை வருடம் கடல் எனக்குச் சரக்கு வருகிற இடம். அதில் குளிக்கவும் செய்யலாம் என்று இன்றுதான் உறைத்தது! கிடங்கை இரண்டு பேர் பெயருக்கும் மாற்றிவிடலாமாம். சரிதான். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன?

பிப்ரவரி 9, செவ்வாய்

எனக்குச் சரக்கு போடும் கடற்கரைக் குடும்பங்களுக்குக் கல்யாண வேட்டி கொடுக்க வேண்டும். அவர் கடைக்கே போனேன். "காஞ்சிபுரத்துலேர்ந்து வேற வரவழைச்சுத் தரேனே" என்று இழுத்தார்.

"சொந்தமா கடைய வச்சுக்கினு வெளிய போயி வேட்டி வாங்குவாங்களா? நல்லா கீது ஞாயம்!" என்று நானே அலமாரியிலிருந்து ஒரு வேட்டிக் கட்டை உருவினேன். வேட்டி ஓரத்தில் நீல மையில் அன்னப்பட்சி முத்திரை. இந்தக் கடைக்கென்று அவரே வரைந்ததாம்.

"கரைக்கு நீங்களும் வாங்க."

"வெயில் ஒத்துக்காது."

"அப்போ கடல்ல ராத்திரியிலயா குளிக்கப் போறோம்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும்.

பிப்ரவரி 12, வெள்ளி

எழுதவா வேண்டாமா? எழுதுகிறேன்.

மகாபலிபுரத்தில் சந்திரம்மாவிடம் வேட்டியைக் கொடுத்தேன். பழகினவள். ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இந்தப் பட்சி வேட்டி எங்க வூட்ல ஒண்ணு கீதேக்கா."

"எப்படி?"

"ரெண்டு வருஷம் ஆவுது. ஒரு ஆளு பொண்டாட்டியோட குளிக்க வந்தான். அவ அலையில பூட்டா. எங்க வூட்டுக்காரருதான் பொணத்தத் தூக்கினு வந்தாரு. அந்த ஆளு அழுதுகினே புது வேட்டி குடுத்தான்."

கடலில் போன உடம்பைக் கரை சேர்த்தவனுக்கு வேட்டி கொடுப்பது இங்கே முறை. வாங்கினவன் அதைக் கட்டமாட்டான், துவைக்கமாட்டான், பெட்டியில் வைத்துவிடுவான். எடுத்து வந்து காட்டினாள். அதே அன்னம். நம் கடையில் வாங்கின எவனோ என்று சிரித்தேன். ஆள் எப்படி என்று சும்மாதான் கேட்டேன்.

"நல்ல செவப்பு. எடது காது மடலு கிழிஞ்சிருந்திச்சு."

சின்ன வயதில் நாய் கடித்தது என்று என்னிடம் காட்டின காது.

சரக்கோடு திருவிடந்தையிலிருந்து வந்திருந்த வேண்டா பக்கத்திலேயே நின்றாள். "கிழிஞ்ச காதா? எங்கூர்லயும் குளிக்க வந்த ஒரு பொண்ணு முழுகிப் பூட்டா, அவ புருஷன் காதும் கிழிஞ்சதுதான். எங்க வூட்டுக்காரருக்கும் பட்சி வேட்டி. ஆனா அது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அவ வேற பொண்டாட்டிக்கா."

டைபாய்டுன்னானே. டைபாய்டுன்னானே, பாவி!

பிப்ரவரி 13, சனி

அவன் அல்வாவோடு வந்தான். உப்புப் பிடிக்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறவனிடம் எப்படிச் சிரிப்பேனோ அப்படியே சிரித்தேன். போனதும் அல்வாவைப் புதைத்துவிட்டு, சந்திரம்மாவிடமும் வேண்டாவிடமும் வாங்கி வந்த பட்சி வேட்டிகளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"ஏம்மா, பெரிய மனுஷன். யார் வேணா வாங்கின வேட்டியா இருக்கலாமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேட்டி வேணாம், ஆளுங்கள நேர்ல நிறுத்துறேன். நீங்க வந்து நில்லுங்க, போதும்."

பயம்தான். கூடவே குறுகுறுவென்று ஒரு குஷி. இது என்ன மனசு?

பிப்ரவரி 15, திங்கள்

ஐயோ, இன்றைய நாளே!

இன்ஸ்பெக்டர் சாதாரண உடுப்பில் அவன் கடையில் துண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்திரம்மா புருஷன் கருப்பனோடும் வேண்டாவோடும் உள்ளே நுழைந்தேன். "இவங்களத் தெரியுதா? கடற்கரை ஆளுங்க."

"நான் கடற்கரைப் பக்கமே போனதில்லையே" என்றான். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"இன்னா நைனா! உன் பொண்டாட்டியத் தூக்கினு வந்து உன் மடியில போட்டேனே. என் காலப் புடிச்சினு அழுதியே!"

பின்னாலிருந்து வேண்டா: "எங்கூருக்கும் வந்தியே! அங்க வேற பொண்டாட்டிக்கு இல்ல அழுத?"

புடைவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. பிறகு பின்வாசலுக்குப் பாய்ந்தான். அங்கேதான் என் கூடைக்காரிகளை நிறுத்தியிருந்தேன்! சந்திரம்மா நெத்திலிக் கூடையை அவன் தலையில் அப்படியே கவிழ்த்தாள். "குளிக்கணும்னியே, குளி!"

இன்ஸ்பெக்டர் கருவாட்டுக்கு நடுவிலிருந்து அவனைத் தூக்கினார். வழி நெடுக ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு நிற்கவே இல்லை. வேண்டா முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 16, செவ்வாய்

அவன் இரும்புப் பெட்டியில் நான்கு தாலிகள். இரண்டு யாருடையவை என்று தெரியும். ஒன்றைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. ஒன்று புத்தம் புதுசு.

மார்ச் 6, சனி

மதுராந்தகத்திலிருந்து ஒரு பெரியவர் கிடங்குக்கு வந்தார். சரக்கு எதுவும் கேட்கவில்லை, ஓரமாக நின்றார். மகாபலிபுரத்து அலையில் போன வசந்தாவின் அப்பா.

"கணுக்கால் தண்ணிக்கே பயப்படுவாம்மா. அவளே அடம்புடிச்சி எறங்கினான்னு அந்த ஆளு சொன்னான். நானும் நம்பினேன். ரெண்டு வருஷமா செத்தவளத் திட்டினு இருந்தேம்மா."

உட்காரச் சொல்லி இலை போட்டேன். வாளைக் கருவாட்டுக் குழம்பு. முதலில் வேண்டாம் என்றார். பிறகு கையைக் கழுவினார். பாதியில் நிமிர்ந்து, "வசந்தாவுக்கு இது உசிரு" என்றார்.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.