அப்பா என்ற பெயரில் ஓடும் பாட்டு

அன்பு மகள் கலைமதிக்கு,

எனக்குரிய பெயரை எடுத்து உன் மாமனாருக்கு வைத்துவிட்டாய். நலம் விசாரிக்கும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கறவை மாடும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் தீர்த்தமலையான் துணை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுக்கப் படி. நீ மெல்போர்ன் போகும்போது பாட்டுக் கேட்க ஒரே கணக்கை என் போனிலும் பொம்மிடியில் உன் மாமனார் போனிலும் போட்டுக் கொடுத்தாய். சரி, சிக்கனம். ஆனால் அவருடைய சாமிப் பாட்டு பிளேலிஸ்டுக்கு 'அப்பா' என்றும், நான் கேட்கும் கூத்துப் பாட்டுக்குக் 'கடத்தூர்' என்றும் பெயர் வைத்திருக்கிறாய். நான் என்ன பஸ் நிற்கும் இடமா? மாமனாரை மாமா என்று கூப்பிட்டால் போதாதா? உன் அம்மா என் அப்பாவைக் கடைசி வரை மாமா என்றுதான் கூப்பிட்டாள், அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு போன்தான் பாடும். விடியற்காலையில் குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் திருப்பிவிட்டு ஒரு பாட்டைப் போட்டால் பாதியில் நின்று, வேறு போனில் ஓடுகிறது என்று வரும். அங்கே அவர் பூஜைக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். நான் மறுபடி அழுத்துவேன், அவருக்கு நிற்கும், அவர் அழுத்துவார், எனக்கு நிற்கும். ரெண்டு கிழவனுங்களும் ஒரு பொம்மைக்கு அடிச்சிக்கிறீங்க என்று உன் அம்மா சிரிக்கிறாள். போன மாதம் நானே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பெயர் மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. என் பாட்டுக்கு 'அப்பா', அவர் பாட்டுக்கு 'மாமா' என்று மாற்றிவிட்டேன். மறுநாளே அவர் போன் செய்து, சம்மந்தி, அப்பான்னு இருக்கறதத் தொட்டா கூத்துப் பாட்டு வருதுங்க, கலை எனக்குன்னு புதுசா போட்டிருக்குது போல, கேக்க ரொம்ப நல்லா இருக்குதுங்க என்கிறார். இப்போது என் பாட்டையும் அவரே நாள் முழுக்கக் கேட்கிறார். நான் விவரம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், தப்பு என்னுடையது இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிறு காலையில் மட்டும் என் பாட்டு நிற்காமல் ஓடுகிறது. அப்போது நீ அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய், அவர் போனில் பாட்டு இல்லை. நான் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் நம் வீட்டுக்குக் கூப்பிடுகிறாய்.

ஆகவே நீ அவருக்குத் தனிக் கணக்கு எடுத்துக் கொடு. கூத்துப் பாட்டு யாருடையது என்று மாப்பிள்ளை தன் அப்பாவிடம் சொல்லட்டும். அவர் தன் சாமிப் பாட்டுக்கே திரும்பிப் போகட்டும். உன் அம்மா சிரிப்பதை நிறுத்த வேண்டும். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, பெயரைத் திருப்பி மாற்ற மாட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வருகிற ஞாயிறு முதலில் இங்கே கூப்பிடு. உன் போன் வந்து என் பாட்டு பாதியில் நிற்கட்டும்.

உன் அப்பா,
மாதையன்,
கடத்தூர்.