தட்டுக்கு அடியில் முளைத்த நெல்

தை மாதம், வியாழக்கிழமை இரவு.

வாஷிங் மெஷின் மறுபடி ஓடுகிறது. நான்தான் சரிசெய்தேன். ஒரு வாரமாகக் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த காரணம் நான். நான் பக்கத்தில் நிற்கும்போதே தன் தங்கையிடம் போனில் சொன்னார்: "இவ பவுடரை அள்ளி அள்ளிக் கொட்டுறா. பழைய மெஷின் எப்படித் தாங்கும்?"

இன்று மதியம் துணியைச் சுழற்றும் தட்டின் திருகைக் கழற்றி, தட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு கைப்பிடி நெல், பாதி முளைவிட்டிருந்தது. அறுப்பு நேரத்தில் இவர் நெல்லைக் கடித்து ஈரம் பார்ப்பார். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பையை உதறாமல் சட்டையை அப்படியே மெஷினுக்குள் எறிவார். எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் அந்த நெல்லைக் கொட்டினேன்.

"இது பவுடராங்க?"

குனிந்து பார்த்தார். "நம்ம நெல்லு முளைப்பு நல்லா இருக்கு பாரு" என்றார். அவ்வளவுதான். ரசம் கேட்டார்.

அதற்கு முன், சாயங்காலமே, மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் புடவைகள் சுழல்வதை நின்று பார்த்தேன். சத்தமே இல்லை. தண்ணீர் கடைசிச் சொட்டுவரை வடிந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

என் துணிகளை மட்டும்தான் போட்டேன். நாளை திருக்கடையூரில் அதே தங்கையின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு இவர் கட்ட வேண்டிய ஒரே நல்ல வேட்டி வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

காலையில் கேட்பார். கேட்கட்டும்.