சாம்பார் குண்டான்மேல் இறங்கிய வேன் கதவு

ஐப்பசி, திங்கள்
விடியலிலிருந்து தூறல். உளுந்து சரியாக ஊறவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கடை போட்ட கொஞ்ச நேரத்தில் வேனின் பின்கதவு மருமகள் மல்லிகாவின் தோளில் விழுந்துவிட்டது. தினமும் அந்தக் கதவைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழே நின்றுதான் இட்லி விற்கிறாள். கதவைத் தாங்கும் கம்பி இரண்டும் செத்து, மூங்கில் கழி முட்டுக் கொடுத்திருந்தோம். வழுக்கிவிட்டது. நல்லவேளை, தலையில்லை.
வந்த புதிதில் என் மீன் குழம்பில் உப்பில்லை என்றவள்தான். அதற்காக இப்படியா. ஒத்தடம் கொடுத்தேன்.

செவ்வாய்
மகன் சேகர் காயலான் கடையில் அதே நீளம், அதே பருமனில் இரண்டு கம்பி பிடித்து வந்து மாட்டினான். கதவைத் தூக்கிக் கையை எடுத்தான். பூப்போல இறங்கியது. எங்களுக்கு அது தடாலென்று விழும் பயம்தானே. கை தட்டினோம்.

புதன்
மானம் போயிற்று. மல்லிகா சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்க, கதவு பாட்டுக்கு மெள்ள மெள்ள இறங்கிக் குண்டான்மேல் உட்கார்ந்தது. லேத் பட்டறை ஆள், "இன்னாக்கா, கடைய சாத்திகினுகீறே? எனக்கு இன்னும் ரெண்டு இட்லி வரணும்!" ஊரே சிரித்தது. மல்லிகா சிரிக்கவில்லை.
வீட்டில்: "இனிமே அதுக்குக் கீய நான் நிக்க மாட்டேன் அத்தே. கடைய மூடிக்கலாம்." அவள் கை இல்லாமல் கடை ஏது.

வியாழன்
குமணன்சாவடி மெக்கானிக் பாயிடம் வேனைக் கொண்டுபோனோம். என் பெரிய மகன் கல்யாணத்தன்று, பழுது பார்க்கக் கொடுத்த வேனை, தாலி கட்டி முடிந்தபின் கொண்டுவந்த ஆள். சொல்லிக் காட்டினேன். "அத்த இன்னும் வுடலியாம்மா நீ?"
ஆனால் வேலைக்காரர். சேகரின் கம்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "வேகமா அமுக்கு." அசையவில்லை. "இப்ப பொறுமையா." வெண்ணெயில் கத்தி போல உள்ளே போயிற்று, போன இடத்திலேயே கிடந்தது.
"உள்ள எண்ணெம்மா. வேகத்தத்தான் புடிக்கும், பாரம் தாங்காது. டேம்பர்னு பேரு."
பிறகு புதுசு. கேஸ் ராடாம். தரையில் ஊன்றி உடம்புப் பாரம் முழுக்கப் போட்டதும் கொஞ்சம் அமுங்கியது. விட்டதும் என்னையே மேலே தள்ளியது! உள்ளே அடைத்த கேஸ் ஓயாமல் தள்ளுமாம். மேலே போய் இடிக்காமல் நிற்க, அதிலும் சொட்டு எண்ணெய். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அவன் கைக்கு மோதிரம் போடலாம்.
மாட்டியாயிற்று. பாதி தூக்கினேன், மீதி தானே ஏறியது. "நீ மொதல்ல கீய நில்லு பாய்" என்றேன். நின்றார். பிறகு நான், கைப்பிடியில் தொங்கியும் பார்த்தேன்; இறங்கி, விட்டதும் மறுபடி ஏறிக்கொண்டது. மல்லிகா தள்ளி நின்றாள்.

வெள்ளி
வெயில். மல்லிகா வந்தாள். முதலில் ஓரமாக நின்று கையை நீட்டி நீட்டி ஊற்றினாள். கூட்டம் ஏறியதும் கதவுக்குக் கீழே போய்விட்டாள்.
லேத்துக்காரர்: "இன்னிக்கு சாத்தலியாக்கா?"
மல்லிகா: "வாய மூடிகினு துன்னுய்யா."
சட்னி தீர்ந்தது. ஒரு தடவைகூட அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.