ஸ்டெல்லா போட்ட தாளம்

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிந்த கையோடு, படாளம் சர்ச் பாடகர் குழு மொத்தத்தையும் வேனில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைக் கச்சேரிக்கு அழைத்துப்போனவள் நான்தான். முதல் பாட்டிலேயே எங்கள் குழுவின் ஸ்டெல்லா கை தட்டித் தாளம் போட்டாள். எங்கள் சர்ச்சில் கை தட்டாமல் பாட்டே கிடையாது. முன்வரிசைக்காரர் திரும்பி, "தாளத்தைத் தொடையில போடுங்கம்மா, சத்தம் வரக் கூடாது" என்றார். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் அந்த மனிதர் காபி குடிக்க எழுந்து போனார். ஸ்டெல்லா எழவில்லை. முந்தானைக்குள் அவள் விரல் எண்ணிக்கொண்டே இருந்தது. கடைசி அடி விழுந்த இடத்தில் சரியாக நின்றது.

திரும்பும்போது வேனில் கேட்டாள்: "இன்னாக்கா, தாளம் தப்பாவா பூட்ச்சு?"

"இல்லடி" என்றேன். அதை அங்கேயே, அந்த ஆள் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறும் கச்சேரி இருக்கிறது. வேன்காரரிடம் சொல்லிவிட்டேன். "நான் வர்லக்கா, நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாள் ஸ்டெல்லா. விடமாட்டேன். முன்வரிசையில் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பாட்டுக்கு நான் தட்டப்போகிறேன். சத்தமாக.