கோயிலுக்குப் போய் வந்த விதைநெல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவள் எழுதினால் நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவேன்.

பண்ணைக்காரர்களிடம் எடுத்த உச்சவரம்பு நிலத்தைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்தபோது ஆசீர்வாதம் மாமாவுக்கு வாய்க்கால் ஓரம் கிடைத்தது, எனக்குத் தண்ணீர் எட்டாத கடைமடை. அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். விளைச்சலில் ஒரு பங்கைக் கர்த்தருக்குப் படைக்கும் அறுப்புப் பண்டிகைக்கு அவர் வண்டி நிறைய நெல்லோடு கோயிலுக்கு வந்தார். என் கையில் ஒரு பூசணிக்காய். பாதிரி ஐயர் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி, அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதைநெல்லை மூட்டையோடு தூக்கிவந்து பீடத்தின் முன் வைத்தேன்.

ஐயர் என்னையும் பார்த்துச் சிரித்தார். அதோடு சரி.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலக் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். விதைக்க ஒன்றுமில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மீட்கச் சட்டைப்பையில் காசில்லை. என் மூட்டையை ஆசீர்வாதம் மாமா எடுத்தார்.

சாயங்காலம் அதை நம் வாசலில் இறக்கினார். “வெதநெல்லயா காணிக்கை வைப்ப? உள்ள எடுத்து வைய்யா. கோயிலுக்குப் பணம் கட்டியாச்சு.”

அம்மா அழுதுவிட்டாள். நானும் நன்றி சொன்னேன். ஆனால் மகளே, ஒரே மூட்டையில் அவர் கோயிலுக்கும் கொடுத்துவிட்டார், எனக்கும் கொடுத்துவிட்டார். இவரை நான் எப்படி ஜெயிப்பது?

நாற்றங்காலில் முளை பச்சையாக வந்திருக்கிறது. அதைப் பார்த்தாலும் எரிகிறது.

இப்படிக்கு,
இன்னும் அடங்காத உன் அப்பா