கானாங்கெளுத்தி இறங்கிப் போன ஆழம்

என் சாந்திக்கு,

நீ சொன்னது சரிதான் டீ. மற்ற செய்தியெல்லாம் பிறகு, இதை முதலில் கேள். கானாங்கெளுத்தி மீன் நம் கடலை விட்டுப் போய்விடவில்லை. மேல் தண்ணீர் சூடாகச் சூடாகக் கீழே இறங்கியிருக்கிறது. என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன்.

அலுவலகத்தில் உன் நாற்காலி காலியாக இருக்கிறது என்று நினைக்காதே. புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவள், ஏசியை மட்டும் உன்னைவிட அதிகமாக வைக்கிறாள்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு நம் வேலை என்னவென்று தெரியாது. கடலே இல்லாத ஹைதராபாத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எங்கே வலை போடலாம் என்று மீனவர்களுக்குச் சொல்கிற வேலை. கடலின் மேற்பரப்புச் சூட்டையும் பாசியின் பச்சையையும் வைத்துக் கணிப்போம். சில வருடங்களாகக் கணிப்பு தவறத் தொடங்கியது. நாம் காட்டிய இடத்தில் வலை வெறுமையாக வந்தது.

"மீனு எங்கயும் போகல கோமு. மாடி வீடு சுடுதுன்னு கீழ் வீட்டுக்கு எறங்கிடுச்சி. நாம மொட்டை மாடியிலயே தேடிக்கினு இருக்கோம்" என்றாய் நீ. அதைச் சோதித்துப் பார்ப்பதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் மகள் நித்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்த பிறகு உங்கள் சைனிக்புரி வீட்டுக்கு நான் போனபோதெல்லாம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் யோசனையைச் சோதிக்க விசாகப்பட்டினம் போகிறேன் என்றேன். "கைக்கு ஆன்ட்டி, எதுக்கு? அம்மா பார்க்கப் போறாங்களா?" என்று வெடித்தாள். நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? ஆனால் கிளம்புகிற அன்று செகந்திராபாத் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் பையோடு நின்றிருந்தாள்.

விசாகப்பட்டினத்தில் அப்பலசாமி என்ற படகுக்காரர்தான் எங்களை அழைத்துப்போக ஒப்புக்கொண்டவர். ஒப்புக்கொண்டாரே தவிர நம்பவில்லை. "உங்க ஊர்ல கடலே கெடயாது. எங்க மீனுக்கு நீங்க வழி சொல்றீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"வழி சொல்ல வரலைங்க, உங்ககூட சேந்து பாக்க வந்தேன். தப்பா இருந்தா அதையும் இங்கயே சொல்லிட்டுப் போறேன்" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் போதும் பேச்சு என்று என் காலை மிதித்திருப்பாய்.

மீன் விற்கும் அவர் மனைவிக்கு வேறு கவலை. "கடல் புளிச்சுப் போகுதாமே. கை வெந்துடுமா?" என்றார். கடல் எலுமிச்சைச் சாறாகிவிடாது, புகையில் வரும் கரிவாயுவைக் குடித்துக் குடித்து அதன் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, சங்குக்கும் சிப்பிக்கும் ஓடு கட்டுவது சிரமமாகும் என்று சொன்னேன். மீனுக்கு என்ன ஆகும் என்றார். அப்படிப்பட்ட தண்ணீரில் விட்ட குஞ்சுகள் எதிரியின் வாசனைக்கு ஓடாமல் நின்றன என்று சிலர் கண்டார்கள், திரும்பச் செய்து பார்த்த வேறு சிலருக்கு அது தெரியவில்லை. "எனக்கும் இன்னும் தெரியாதும்மா" என்று முடித்தேன். "நக்கோ, வேணாம் கோமு, தெரியாதத தெரிஞ்சாப்ல சொல்லாதே" என்று எத்தனை முறை என் வாயை அடைத்திருக்கிறாய்!

விடிந்ததும் கிளம்பினோம். மேல் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி நித்யாதான் இறக்கினாள். வெகுநேரம் ஒரே சூடு. பிறகு ஓரிடத்தில் சட்டென்று குளிர்ந்தது. "அந்த ஆழத்துக்கு வலைய விடுங்க" என்றேன். அப்பலசாமி முணுமுணுத்துக்கொண்டே மிதவைக் கயிறுகளை நீளமாக்கி ஒரு வலையைக் கீழே விட்டார். இன்னொன்றை வழக்கம்போல மேலேயே போட்டார்.

மேல் வலையில் கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் குப்பை. கீழ் வலையை இழுக்கப் படகில் இருந்த எல்லோரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. நீலமும் பச்சையுமாக முதுகு மின்ன, கானாங்கெளுத்தி! அப்பலசாமி என்னைப் பார்த்து, "அந்த மேடம் வந்துருக்கலாமே, இத சொன்னவங்க" என்றார். உன்னைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். நித்யா ஈர வலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். கரை வரும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள்.

ஒரு நாள் வலை சான்றாகாது என்று நீ முறைப்பது தெரிகிறது. அந்தப் பருவம் முழுக்க அந்தத் துறைமுகத்துப் படகுக்காரர்கள் எந்த ஆழத்தில் மீன் கிடைத்தது என்று எங்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தவறிய நாட்களும் உண்டு, பலித்தவை அதிகம். அதை வைத்துத்தான் அலுவலகத்தில் பேசினேன். இனி அந்தக் கரைக்கு அனுப்பும் கணிப்பில் இடத்தோடு ஆழமும் இருக்கும்.

அடுத்தது மத்தி. கேரளத்து மீன் என்றிருந்தோம், இப்போது கிழக்குக் கரையிலும் பிடிபடுகிறது. வந்து தங்கிவிட்டதா, வந்து போகிறதா? நித்யாவும் கூட வருகிறேன் என்கிறாள். ஒன்று மட்டும் உறுதி சாந்தி: கணிப்பு தவறி வலை வெறுமையாக ஏறுகிற நாளிலும் நான் அந்தப் படகில்தான் இருப்பேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் தங்கை,
கோமதி