ஃபெரியில் உட்காராதவருக்கு

அக்கா,

பினாங்கு ரோட்டில் பள்ளி திறக்கும் நேரத்துக் கூட்டம். கடை வாசலில் வெள்ளைச் சப்பாத்துகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. என்ன சைஸ் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்தது உங்கள் கால் அளவு மட்டும்தான்.

அப்படி ஒரு சப்பாத்தைத்தான் நீங்களும் வாங்கினீர்கள். பள்ளிப் பிள்ளைகள் போடுவதில் ஆகப் பெரியது. "நடக்கறதுக்குன்னே விக்கிற சப்பாத்து என்ன விலை பார்த்தியா? அந்தக் காசுல ரெண்டு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம் லா" என்றீர்கள்.

அப்போது நாம் இருவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஒரே மேசையில் வேலை செய்துகொண்டிருந்தோம். நிபோங் திபால் பக்கம் நீங்கள் பிறந்த தோட்டத்தில், பிள்ளைகளை டவுன் இடைநிலைப்பள்ளிக்கு ஏற்றிப்போன லோரியை நிறுத்திவிட்டார்கள். லோரிக்குப் பதில் ஓட்டச் சம்மதித்த வேன்காரர் முன்பணம் கேட்டார். பள்ளி திறப்பதற்குள் அதைக் கொடுக்காவிட்டால், ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் வீட்டோடு நிற்க வேண்டியதுதான். முதலில் நிறுத்துவது பெண் பிள்ளைகளை. உங்களையும் ஒரு காலத்தில் அப்படித்தான் நிறுத்தினார்கள். இப்போது உங்கள் அண்ணன் மகளின் முறை.

கான்வென்ட் பிள்ளைகள் நடந்து நிதி சேர்த்ததை எங்கோ பார்த்துவிட்டு வந்து, தோட்டத்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரை ஒரு இடத்திலும் உட்காராமல் நடக்கப் போவதாகச் சொன்னீர்கள். நடந்து முடித்தால் காசு தருவதாக வேலையிடத்தில் சிலர் வாக்குக் கொடுத்தார்கள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றேன்.

"பைத்தியம்தான். நீ சைக்கிளத் தள்ளிக்கிட்டு கூட வா. வாயாடி ஒருத்தி பக்கத்துல இருந்தா அலுப்பு தெரியாது."

விடியும்போது கிளம்பினோம். என் சைக்கிளில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் டின்னும். 'பிள்ளைகள் கல்விக்கு' என்று டின்னில் எழுதி ஒட்டியிருந்தீர்கள். யார் படித்தார்கள்? சிம்பாங் அம்பாட்டில் ஓர் அம்மா குடத்தோடு ஓடிவந்து, காவடி எடுப்பவர் காலில் ஊற்றுவதுபோல உங்கள் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார். "சப்பாத்தோட என்ன வேண்டுதல்மா?" என்று கேட்டார். பிள்ளைகள் படிப்புக்கு என்றீர்கள். "நல்ல வேண்டுதல்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு டின்னில் காசு போட்டார். அதற்குப் பிறகு வழியெல்லாம் அதே கதைதான். நான் ஒருவரையாவது திருத்தப் பார்த்தேன். "போடுறவங்க போடட்டும், நீ வாயை மூடு" என்று அதட்டினீர்கள்.

ஜுருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. புக்கிட் தெங்கா வந்தபோது சப்பாத்தின் பின்பக்கம் சிவந்துவிட்டது. மஞ்சள் கறையோடு ரத்தம். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெரியில் ஏறியதும் ஒரு மலாய்க்காரர் எழுந்து, "டுடோக் லா, காக்", உட்காருங்க அக்கா என்று தன் இடத்தைக் காட்டினார். கும்பிட்டு மறுத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீர்கள். "உட்கார்ந்தா சவால் போச்சு" என்றீர்கள். கரை வந்து சேரும்வரை நடந்தீர்கள். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. யாருக்காக இந்தப் பெண் இப்படிச் சாகிறாள் என்று எரிச்சல்.

நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நன்றியாக டின்னைக் கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். நம் சனம் யாராய் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். டின் உள்ளே போனது. தீபாராதனை ஆனது. ஐயர் விபூதி கொடுத்தார், டின்னைக் கொடுக்கவில்லை.

கோயில் தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை. தன்மையாகத்தான் பேசினார். "அம்மா, பாதத்துல வச்சது சாமியோட சொத்து. எடுத்துக் குடுத்தா பாவம் எனக்கு. சனங்களும் வேண்டுதல்னு நினைச்சுத்தானே போட்டிருக்காங்க?"

"ஐயா, வேன் வராதுங்க" என்றீர்கள்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, அன்னதானம் போட்டுடலாம்" என்றார்.

காலையிலிருந்து உட்காராத நீங்கள் அங்கேதான், கோயில் தரையில், உட்கார்ந்தீர்கள். நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

புண் ஆறுமுன்பே மறுபடியும் நடந்தீர்கள். இந்த முறை கோயில் பக்கமே போகவில்லை. ஆனால் டின்னை நீட்டிய இடமெல்லாம் "அதான் அன்னிக்கே போட்டோமே" என்றார்கள். வேலையிடத்தில் வாக்குக் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள், பாவம், அவர்களிடமும் இருந்தது அவ்வளவுதான். வேன் ஒரு பள்ளித் தவணை மட்டும் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

உங்களுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. குதிகால் புண் ஆறாமல் கறுத்து, ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். நான் பார்க்க வந்த நாளில் முகமே சிறுத்துப் போயிருந்தது.

"வேன் வருதா?" என்று கேட்டீர்கள்.

பொய் சொல்ல நினைத்தேன். உங்களிடம் எனக்குப் பொய் வராது. "வரல. கொஞ்சம் பிள்ளைங்க நின்னுருச்சுங்க. மத்ததுங்க செம்மண் ரோட்டுல நடந்து போகுதுங்க. உங்க அண்ணன் மகதான் முன்னால போறா."

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "நான் நடந்ததே அதுங்க நடக்கக் கூடாதுன்னுதானே?" என்று அழுதீர்கள். நான் தோளைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலையிடத்தில் சாமான் குறைந்தால் கேட்பீர்களே, அதே குரலில் கேட்டீர்கள்.

"சப்பாத்து இருக்கா அவளுக்கு?"

இல்லை என்றேன். வாடகை அறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடு, எனக்கு இனிமேல் எதுக்கு என்றீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை, அக்கா. அப்படியே கொண்டுபோனேன். அவள் முனையில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் படிவம்வரை, ஒன்பது வகுப்பு முடிய, நடந்தாள். அதற்குமேல் வீட்டில் முடியவில்லை. இப்போது நம் மேசையில், உங்கள் இடத்தில் இருக்கிறாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய் அழுதேன்.

தோட்டத்தில் இன்னும் பிள்ளைகள் நடக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அவளும் நானும் எங்களால் ஆனதை வாங்கிக்கொண்டு போகிறோம். எங்களால் சப்பாத்துதான் முடிகிறது, வேன் முடியவில்லை. உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரரிடம் எல்லா அளவிலும் எடுக்கச் சொன்னேன். இப்போது கடல்மேல் பாலம் கட்டிவிட்டார்கள், பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். நான் ஃபெரிக்குத்தான் வந்தேன். கூட்டமே இல்லை. பெஞ்செல்லாம் காலியாய்க் கிடக்கிறது. கால் வலிக்கிறது. கம்பிமேல் தாளை வைத்து, நின்றபடிதான் இதை எழுதுகிறேன்.